பாட்டும் படமுமாக வாழ எந்த ஊர்? சென்னை முதல் கொல்கத்தா வரை ஓர் ஒப்பீடு

மடிக்கணினியும் நல்ல இணையமும் இருந்தால் எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று ஆன பிறகு, ஊர் மாறுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். என் சித்தி மகளும் அவள் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள். மாப்பிள்ளை ஓவியர், சாப்பாட்டுக்குப் புத்தக அட்டையும் செயலி வடிவமைப்பும். தங்கை வீட்டிலிருந்தே கணக்குத் தணிக்கை பார்க்கிறாள். பள்ளி நாட்களோடு விட்டுப்போன வீணையை நாற்பதை நெருங்கும்போது மறுபடி எடுத்திருக்கிறாள். இப்போதிருக்கும் ஊரில் மாலையானால் போவதற்கு வணிக வளாகத்தை விட்டால் வேறு இடமில்லை என்பது இருவருக்கும் குறை. "எந்த ஊருக்குப் போகலாம், நீங்களே சொல்லுங்க அண்ணா" என்று கேட்டாள். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. விட்டுவிட்டுச் சொன்னதை எல்லாம் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

ஊரை அதன் விழாவை வைத்துத் தேர்ந்தெடுக்கிற பழக்கம்தான் முதல் சிக்கல். மார்கழியில் சென்னை, தசராவில் மைசூர், பினாலே ஓவியக் கண்காட்சி நடக்கும் குளிர்காலத்தில் கொச்சி, துர்கா பூஜையில் கொல்கத்தா: அந்தந்த நாளில் போனால் எந்த ஊரும் நம்மை மயக்கிவிடும். கல்யாணத்தன்று பார்த்துவிட்டு ஒரு குடும்பத்தை எடை போடுகிற மாதிரிதான் அது. நான் கேட்பது வேறு. ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த ஊரில் என்ன நடக்கும்? நடந்தால் போய்விட்டு எப்படித் திரும்புவது? சொல்லித்தர ஆள் உண்டா? வாத்தியம் பழுதானால் யாரிடம் கொடுப்பது? வாடகை வீட்டில் காலையில் உட்கார்ந்து சாதகம் பண்ண விடுவார்களா? இவற்றில் எது முக்கியம் என்பது, நீங்கள் பெரும்பாலும் கேட்கிறவரா, கையால் செய்கிறவரா என்பதைப் பொறுத்தது. இரண்டு பேருக்கும் ஒரே ஊர் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து தொடங்குவோம். கர்நாடக இசைதான் காரணம் என்றால் இதோடு போட்டி போட வேறு ஊர் இல்லை. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா 1900-இல் தொடங்கியது. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் பலனாக 1928-இல் மியூசிக் அகாடமி வந்தது. யுனெஸ்கோ 2017-இல் சென்னையை இசைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை, காலையில் செயல்விளக்க உரை, மதியம் பெரும்பாலும் டிக்கெட் இல்லாத இளையவர் கச்சேரி, இடையில் சபா கேன்டீனில் இலைச் சாப்பாடு, மாலையில் பெரியவர்கள் என்று நாள் முழுக்க ஓட்டலாம். என்னைக் கேட்டால் மதியக் கச்சேரிகள்தான் சீசனின் சத்து. பாதி காலியான அரங்கில், நாலாவது வரிசையில் உட்கார்ந்து, இன்னும் பெயர் வாங்காத ஒரு பெண் தோடி ராகத்தை எடுத்து மெதுவாகப் பிரிப்பதைக் கேட்கிற சுகம், மாலையில் டிக்கெட்டுக்கு அலைந்து கிடைப்பதில்லை.

ஆனால் மார்கழிக்காகச் சென்னைக்குக் குடிவர வேண்டிய அவசியமே இல்லை. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் மயிலாப்பூரில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கிக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் அதைச் செய்யலாம். குடிவருவதற்குக் காரணம் மற்ற பதினோரு மாதங்கள். கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனில் கட்டணமில்லாமல் கேட்கலாம். சபாக்களில் மாதாந்திரக் கச்சேரியும் நாடகமும் இருக்கும். லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிறு காலை மைக் இல்லாமல் குழந்தைகள் பாடுவார்கள். அலியான்ஸ் பிரான்சேஸிலோ மாக்ஸ்முல்லர் பவனிலோ ஏதாவது படம், ஏதாவது உரை. ஜூலைச் செவ்வாய்க்கிழமைக்குச் சென்னை தேறிவிடும்.

அப்புறம் ஆசிரியர்கள். மயிலாப்பூர், மந்தைவெளி, மாம்பலம், அடையாறு, நங்கநல்லூர் என்று எங்கே இறங்கினாலும் நடந்துபோகும் தூரத்தில் யாராவது சொல்லித்தந்துகொண்டிருப்பார்கள். வயதில் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்கிற ஆசிரியரைத் தேட மட்டும் பொறுமை வேண்டும்; பலருக்குப் போட்டிக்குத் தயாராகும் குழந்தைகள்தான் முதல் கணக்கு. பழுது பார்ப்பவர்களும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யோசிக்காத விஷயம் இது. வீணையின் மெட்டுகள் மெழுகுக் கலவையில் பதிந்திருப்பவை. வெயிலில் மெழுகு இளகும், நாளாக ஆகத் தேயும், ஸ்வரம் கால் மயிரளவு விலகும். வாசிக்கிறவருக்குத் தன் விரல்தான் தப்பு என்று தோன்றும். அதைச் சரிசெய்ய மேளம் கட்டத் தெரிந்த ஒருவர் வேண்டும். காதால் கேட்டுக்கேட்டு ஒவ்வொரு மெட்டாக நகர்த்தி வைப்பார். மிருதங்கம் என்றால் மூட்டு, அதாவது தோல் முகம், மாற்றுகிறவர் வேண்டும். இவர்கள் இல்லாத ஊரில் வாத்தியம் நாளடைவில் உறைக்குள் போய்விடும்.

சென்னையின் குறைகள் வீடு தேடும்போது தெரியும். மயிலாப்பூர் ஆசையில் வருகிறவர்களிடம் தரகர் கேட்கும் முதல் கேள்வி, "சைவமா?" என்பது. அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பது எல்லாருக்கும் தெரியும். கலைக்காக ஊர் மாறுகிறவர் வாசலிலேயே இதைச் சந்திக்க நேர்வது வெட்கக்கேடு. என்றாலும் நிலவரத்தைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-இன் சட்டம் சொல்கிறது. ஆறு மாதம், பத்து மாதம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மெட்ரோ வேலையால் லஸ் பக்கம் ஆட்டோ நகர்வதே பெரும்பாடு. அதனால் நான் திருவான்மியூரைத்தான் சொல்வேன். ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா பக்கத்தில். பறக்கும் ரயிலில் ஏறினால் திருமயிலை கொஞ்ச நேரம். கச்சேரி முடிந்து ஒன்பது மணிக்கு மேல் திரும்புவதும் பெரிய பாடில்லை.

மாப்பிள்ளைக்குச் சென்னை எப்படி? எழும்பூர் கவின்கலைக் கல்லூரி 1850-இல் ஆரம்பித்தது. கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஈஞ்சம்பாக்கத்தில் இன்னும் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்துக்கு மாதம் ஒருமுறை போனாலும் அலுக்காது. இவ்வளவு இருந்தும், ஓவியம் வாங்குகிற கூட்டம் சின்னது. ஒரு கச்சேரிக்கு ஐந்நூறு பேர் வருகிற ஊரில் ஓவியக் கண்காட்சித் திறப்புக்கு ஐம்பது பேர் வந்தால் நிறைவு. அதிலும் பாதிப்பேர் ஓவியர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் இருப்பது ஒரு இசை உலகம் இல்லை. பல உலகங்கள், ஒன்றுக்கொன்று பெரிதாக முகம் கொடுக்காதவை. வடசென்னைக் கானா, பறை, கோடம்பாக்கம் ஒலிப்பதிவுக் கூடங்கள், சபா என்று தனித்தனி. 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் தொடங்கிய விழா மாதிரி சில முயற்சிகள் சுவரைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தன. சினிமா இசையில் வேலை தேடுகிறவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை. நேராகச் சென்னைக்கு வரலாம்.

"அதுக்குத் தஞ்சாவூருக்கே போயிடலாமே" என்றார் மாப்பிள்ளை. எல்லாருக்கும் ஒருமுறையாவது வரும் ஆசை இது. 1010-இல் முடிந்த பெரிய கோயில், சரஸ்வதி மகால் நூலகம், 13 கிலோமீட்டரில் திருவையாறு. தை மாதத்துப் பகுள பஞ்சமியன்று காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை ஒரே குரலில் பாடுவதைப் பார்த்தவருக்கு அங்கேயே தங்கிவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. பெங்களூர் நாகரத்னம்மாள் தியாகராஜர் சமாதியைக் கட்டி எழுப்பி, பெண்களும் அங்கே பாட வழி செய்த கதையைக் கேட்டால் இன்னும் பிடிப்பு வரும்.

ஆராதனை முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு நிலைமை வேறு. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. 1986-இல் வந்த தென்னகப் பண்பாட்டு மையம் அவ்வப்போது நிகழ்ச்சி நடத்துகிறது. சிவராத்திரிக்குப் பெரிய கோயிலில் நாட்டியாஞ்சலி. இவற்றுக்கு இடையில் வாரக்கணக்கில் அரங்குக் கச்சேரி ஒன்றும் இருக்காது. இருப்பது வேறு மாதிரியான இசை: சாயரட்சை நேரத்தில் கோயிலில் ஓதுவார் பாடும் தேவாரம், புறப்பாட்டின்போது நாகசுரத்தில் மல்லாரி. டிக்கெட் கிடையாது, மைக் கிடையாது, கைதட்டலும் கிடையாது. இதில் நிறைவு காண்கிறவருக்குக் கும்பகோணம், தஞ்சாவூர் பகுதியைவிட நல்ல இடம் இல்லை. வாடகை குறைவு, காற்றோட்டமான பழைய வீடுகள் கிடைக்கும்.

செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதி இன்னும் அதிகம் தரும். வீணை செய்யும் பட்டறைகள் தஞ்சாவூரிலேயே இருக்கின்றன. பலா மரத்தைக் குடைந்து குடம் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மேளம் கட்ட யாரையும் தேட வேண்டியதில்லை. நாகசுரத்துக்கு நரசிங்கம்பேட்டை, செப்புத் திருமேனிக்குச் சுவாமிமலை, பாகவத மேளா நாட்டிய நாடகத்துக்கு மெலட்டூர். ஓவியர் ஒரு வருஷம் தங்கி வரைய இதைவிடப் பொருள் வேண்டுமா? ஆனால் அவரோடு உட்கார்ந்து சமகால ஓவியம் பேச ஆள் கிடைப்பது கடினம். தஞ்சைக்கு ஒரு வருஷம் போவது நல்ல யோசனை. நிரந்தரமாகக் குடியேறுவது தனிமையைப் பொறுத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு.

பெங்களூரு நேர் எதிர். ஜூலைச் செவ்வாய்க்கிழமைத் தேர்வில் இந்த ஊர் முதல் வகுப்பு. ஜெ.பி. நகர் ரங்கசங்கராவில் திங்கள் தவிர மற்ற நாளெல்லாம் நாடகம் பார்க்கலாம். நடிகர் சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் முன்னின்று 2004-இல் திறந்த அரங்கம் அது. மணியடித்துக் கதவைச் சாத்திவிட்டால் யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். இந்த ஒரு ஒழுங்குக்காகவே எனக்கு அந்த இடத்தின்மேல் மரியாதை. சாமராஜப்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் 1939 முதல் ராமநவமிக் கச்சேரிகள் நடந்துவருகின்றன. ஒரு மாதம் போல நீளும், தென்னிந்தியாவின் பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து பாடியிருக்கும் பந்தல். மல்லேஸ்வரத்தில் வயலின் வடிவத்திலேயே கட்டிய சௌடையா அரங்கம். ராக், ஜாஸ் கேட்பவர்களுக்குத் தென்னிந்தியாவில் வேறு ஊர் தேடவே வேண்டாம். ஓவியருக்கு கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம், மாணிக்யவேலு மாளிகையில் தேசிய நவீனக் கலைக்கூடம். எல்லாவற்றுக்கும் மேல் ஜனவரியில் ஒரு ஞாயிறு, சித்ரகலா பரிஷத் ஓவியக் கல்லூரி இருக்கும் குமாரகிருபா சாலையில் சித்ர சந்தை. சாலை முழுக்க ஓவியர்கள் தரையில் படத்தை வைத்து நேரடியாக விற்பார்கள். நடுத்தரக் குடும்பத்தார் பேரம் பேசி, சுருட்டிய படத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவதை அங்கே பார்க்கலாம். சென்னையில் இதைப் பார்க்க முடியாது.

இவ்வளவும் சரி, ஒயிட்ஃபீல்டில் வீடு எடுத்துவிட்டு ஜெ.பி. நகர் நாடகத்துக்கு ஏழரை மணிக்குள் போய்ச் சேர முடியுமா? அந்த ஊரில் கலை எங்கே இருக்கிறதோ அந்தப் பேட்டையில் குடியிருக்க வேண்டும்: பசவனகுடி, ஜெயநகர், மல்லேஸ்வரம். அங்கே வாடகை கூடுதல், முன்பணமும் தாராளமாகக் கேட்பார்கள். தண்ணீர் லாரிச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வருமானம் நன்றாக இருந்து, இளமையும் இருந்தால் பெங்களூரு. என் தங்கைக்கு அந்த நெரிசல் ஆறு மாதத்தில் அலுத்துவிடும்.

மைசூரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து யோசிக்கிறவர்கள் இதைச் சுற்றுலாத் தலமாக மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். வீணைக்கு இந்த ஊர் ஒரு தாய்வீடு. வீணை சேஷண்ணா, பின்னால் துரைசாமி ஐயங்கார் என்று ஒரு நீண்ட மரபு. தஞ்சாவூர் பாணியிலிருந்து மாறுபட்ட மீட்டு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அரண்மனை வித்வானாக இருந்தது இங்கே. கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார் தாமே கீர்த்தனைகள் இயற்றியவர். சென்னை மியூசிக் அகாடமியின் இப்போதைய அரங்கை 1962-இல் திறந்துவைத்தவரும் அவர்தான். ராஜாக்கள் போனாலும் கேட்கிற பழக்கம் போகவில்லை. வி.வி. மொஹல்லா எட்டாவது கிராஸில் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டித் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. நாற்காலி கிடைக்காதவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் ஸ்கூட்டர் மேலும் உட்கார்ந்து கேட்பார்கள். தசராவுக்கு அரண்மனை முன் நடக்கும் கச்சேரியைவிட எனக்கு இது பிடிக்கும். அரண்மனையில் பாதிக் கூட்டம் விளக்கலங்காரத்துக்கு வந்தது.

நாடகத்துக்கு ரங்காயணா இருக்கிறது, நாடக இயக்குநர் பி.வி. காரந்த் 1989-இல் தொடங்கியது. வருஷா வருஷம் பஹுரூபி நாடக விழா நடத்துகிறார்கள். ஓவியம் படிக்கச் சாமராஜேந்திரா காட்சிக் கலை நிறுவனம், இசைக்குக் கங்குபாய் ஹங்கல் பெயரில் ஒரு பல்கலைக்கழகம். இத்தனையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஸ்கூட்டரில் அரைமணி நேரத்தில் போகக்கூடிய ஊரில். மே மாதத்திலும் மாலையில் காற்று வரும். வாடகை பெங்களூருவோடு ஒப்பிட்டால் நிம்மதி. கோகுலம் பக்கம் மட்டும் யோகா கற்க வரும் வெளிநாட்டவர்களால் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

குறை உண்டு. தினமும் நிகழ்ச்சி இருக்காது. வாரம் ஒன்றிரண்டு கிடைத்தால் நல்ல வாரம். கன்னடம் கற்றுக்கொள்ளாமல் நாடகத்தில் பாதி போய்விடும். ஆனால் தமிழருக்குக் கன்னடம் அப்படி ஒன்றும் தூரமில்லை. காவிரிப் பிரச்சினை கொதிக்கிற வாரங்களில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை வெளியே எடுக்க யோசிக்க வேண்டிவரும், அதையும் மறைக்கத் தேவையில்லை. ஓவியம் விற்க பெங்களூரு போக வேண்டும், சுமார் 145 கிலோமீட்டர். சென்னைக்கு 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் ஆறரை மணி நேரம்.

புதுச்சேரியும் ஆரோவில்லும் அடிக்கடி இந்தப் பேச்சில் வரும். கலை வாழ்க்கை என்றதும் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு ஒயிட் டவுன். ஆனால் வார இறுதியில் அங்கே நடக்கக்கூட இடமிருக்காது, வாடகையும் சுற்றுலா விலைதான். அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இசையும் ஓவியமும் சொல்லித்தருகிறது. ஜூன் 21 அன்று பிரெஞ்சு வழக்கப்படி தெருவெல்லாம் இசை விழா. ஆரோவில் 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியது; பாரத் நிவாஸ் அரங்கு, சினிமா பாரடைசோ, ஸ்வரம் பட்டறையில் புதுப்புது வாத்தியங்கள், பக்கத்தில் ஆதிசக்தி நாடகக் குழு என்று மாலை நேரத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் புரிந்துகொண்டு போக வேண்டும். ஆரோவில்லுக்குள் வீடு வாங்கிக் குடியேற முடியாது; சொத்து எல்லாம் அறக்கட்டளையுடையது. புதிதாகச் சேர விரும்புகிறவருக்குத் தனி நடைமுறை, நீண்ட காத்திருப்பு. வெளியே குயிலாப்பாளையம் பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு விருந்தாளி மாதிரி வந்துபோகலாம். நாடகம், நடனம், உலக இசை என்று தேடுகிறவருக்கு நல்ல இடம். வீணை கற்க இங்கே வருவதில் அர்த்தமில்லை.

மாப்பிள்ளையின் மனசு கொச்சியில் இருக்கிறது. 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய பினாலே அந்த ஊரை ஓவியர்களின் வரைபடத்தில் வைத்துவிட்டது. ஆஸ்பின்வால் மாளிகையும் பழைய மிளகுக் கிடங்குகளும் கலைக்கூடமாக மாறியதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். மட்டாஞ்சேரியில் மெஹ்ஃபில் என்ற சிறு இசைக் கூடல்களில் கஜல் கேட்கும் பழக்கம் உண்டு. திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயிலின் விருச்சிக உற்சவத்தில் எட்டு நாளும் கதகளி, செண்டை மேளம், கச்சேரி. இது பினாலேவைவிடப் பழையது, என் பார்வையில் அதைவிட ஆழமானதும். 2023-இல் வாட்டர் மெட்ரோ வந்த பிறகு பயணமும் இன்பமாகிவிட்டது.

ஆனால் பினாலே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் டிசம்பர் முதல் மார்ச் வரை. 2020-இல் நடக்க வேண்டியது 2022 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. திறப்பு விழா நெருங்கியபோது மறுபடி பத்து நாளுக்கு மேல் தள்ளிவைத்தார்கள். அதை நம்பி வீடு மாற்றுவது சரியாக வராது. ஜூன் முதல் செப்டம்பர் வரை விடாத மழையில் வரைதாளில் பூஞ்சணம் பிடிக்கும், மிருதங்கத் தோல் தொய்யும், வீணை அறையில் விளக்கைப் போட்டே வைக்க வேண்டியிருக்கும். ஓவியருக்கு இது சின்ன விஷயமில்லை. தாளைக் காயவைத்தே ஒரு பருவம் போய்விடும்.

கொல்கத்தாவை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானேதான் சேர்த்தேன். பெருநகரங்களில் செலவு குறைவாக, கலைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும் ஊர் இது. ரவீந்திர சதன், 1985-இல் சத்யஜித் ராய் திறந்துவைத்த நந்தன் திரைப்பட மையம், நுண்கலை அகாடமி மூன்றும் கூப்பிடு தூரத்தில். மாலை ஆறு மணிக்கு அந்தப் பக்கம் போய் நின்றால் நாடகம், படம், கண்காட்சி மூன்றில் ஒன்று கட்டாயம் அகப்படும். ஜனவரி கடைசியில் டோவர் லேன் இசை மாநாடு, 1952 முதல். சால்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து, விடிகாலையில் பைரவ் ராகத்தைக் கேட்டுவிட்டு டீ குடித்து வீட்டுக்குப் போவார்கள். ரவீந்திர சரணியில் லால்பஜார் பக்கம் வரிசையாக வாத்தியக் கடைகள். துர்கா பூஜைப் பந்தல்கள் ஓவியனுக்கும் சிற்பிக்கும் தெருவிலேயே கிடைக்கும் மிகப் பெரிய மேடை. லேக் மார்க்கெட் பக்கம் வீடு எடுத்தால் முருங்கைக்காயும் காபித்தூளும்கூடப் பிரச்சினையில்லை. தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கும் பகுதி அது.

இந்துஸ்தானி இசையில் மனசு போனவருக்கு நான் முதலில் சொல்வது கொல்கத்தா, அடுத்தது புணே. புணேயில் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா டிசம்பரில் வருகிறது. மராத்தி நாடகம் வாரம் தவறாமல் நடக்கும். கர்நாடக வீணை வாசிக்கிறவருக்கு இரண்டு ஊரும் ஆகாது. இங்கே கேட்க நிறைய இருக்கும், கற்க இருக்காது.

இப்போது என் கணக்கு. கேட்பதுதான் பிரதானம், வாரம் மூன்று நாள் எங்காவது போய் உட்கார வேண்டும் என்றால் சென்னை அல்லது பெங்களூரு. கர்நாடக இசைக்கு முன்னது, மற்ற எல்லாவற்றுக்கும் பின்னது. தங்கைக்கு இருபத்தைந்து வயதாகி, மேடை ஏறும் ஆசையும் இருந்தால் மறுபேச்சே இல்லாமல் சென்னை என்பேன். மேடை கிடைப்பது வாசிப்பை மட்டும் பொறுத்ததில்லை. நாலு பேர் கண்ணில் தினம் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், அது சென்னையில்தான் முடியும்.

அவளுக்கு மேடை வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் வாசிக்க அமைதி, வாரம் ஒரு வகுப்பு, பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இதையே செய்துகொண்டிருக்கும் சூழல். அவருக்கு வெளிச்சமுள்ள ஒரு அறை, வருஷத்துக்கு இரண்டு முறை படத்தைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு சந்தை. இப்படிப் பார்த்தால் என் ஓட்டு மைசூருக்கு. இப்போதைய ஆசிரியரிடம் இணையவழி வகுப்பைத் தொடரலாம். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம் திரையில் முழுக்கப் பிடிபடாது. விரல் தந்தியை எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அதற்கு மாதம் ஒருமுறை ரயிலேறி ஆசிரியரிடம் போய்வரலாம். மைசூரிலேயே ஒருவரிடம் சேர்ந்தால் பாணி மாறும். நாற்பதில் அது தொந்தரவா, லாபமா என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது இடம் திருவான்மியூர். கொச்சி மாப்பிள்ளையின் பிடிவாதத்துக்காக மூன்றாவது.

இருவரும் ஆகஸ்டில் இரண்டு மாத வாடகைக்கு மைசூரில் ஒரு வீடு பார்க்கிறார்கள். தசரா தொடங்குவதற்கு முன்பே திரும்பிவிடச் சொல்லியிருக்கிறேன். சரஸ்வதிபுரம், குவெம்பு நகர் இரண்டிலும் தேடலாம். வீட்டுக்காரரிடம் முன்பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், "காலை ஐந்தரைக்கு வீணை வாசிப்பேன், பரவாயில்லையா?" என்று கேட்டுவிடு என்றேன். முடிந்தால் வீடு பார்க்கும்போதே வாத்தியத்தைக் கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் வாசித்து, மாடியிலிருந்து மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்ல வேண்டும்.